சமையலறைத் தொட்டியில் ஓடிய எஞ்சின்: ஹென்றி ஃபோர்டின் 1893ஆம் ஆண்டுச் சோதனை குறித்த நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டியர்பார்ன் நகரிலுள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தின் சேகரிப்பில், மரப்பலகை ஒன்றின் மேல் பொருத்தப்பட்ட சிறிய பெட்ரோல் எஞ்சின் ஒன்று பாதுகாக்கப்படுகிறது. ஒரு அங்குல எரிவாயுக் குழாயின் துண்டு அதன் சிலிண்டர். பழைய லேத் (கடைசல் எந்திரம்) ஒன்றிலிருந்து கழற்றிய கைச்சக்கரம் அதன் ஃபிளைவீல், அதாவது சுழற்சி நிற்காமல் தொடரச் செய்யும் கனத்த சக்கரம். 1893 டிசம்பர் 24 இரவு, டெட்ராய்ட் நகரில் பேக்லி அவென்யூ 58ஆம் எண் வாடகை வீட்டின் சமையலறையில், பாத்திரம் கழுவும் தொட்டியின் விளிம்பில் இறுக்கிப் பொருத்தப்பட்டு இந்த எஞ்சின் ஓடியது. ஓடிய நேரம் மிகக் குறைவு. அது எந்தச் சக்கரத்தையும் சுழற்றவில்லை, எந்தச் சுமையையும் இழுக்கவில்லை. ஆனாலும் வீட்டில் மாதிரி எஞ்சின் செய்ய விரும்பும் எவரும் உறுப்பு உறுப்பாகப் படிக்க வேண்டிய ஒன்று இது என்பது என் உறுதியான கருத்து.

இந்தச் சம்பவத்தைக் கையில் கிடைத்த பழைய சாமான்களை வைத்துச் சமாளித்த கதையாகச் சொல்வதே வழக்கம். எஞ்சினைக் கூர்ந்து பார்க்கும்போது அந்தச் சித்திரம் போதாது என்று தெரிகிறது. எரிபொருளைக் கலந்து கொடுக்கும் கருவி, மின்சாரத்துக்கான மூலம், குளிரூட்டும் அமைப்பு, எஞ்சினைத் தாங்கும் சட்டகம் ஆகிய நான்கும் அதில் இல்லை. நான்கும் வெளியிலிருந்து இரவல் வாங்கப்பட்டன அல்லது தேவையில்லை என்று ஒதுக்கப்பட்டன. தன் கையால் செய்த ஒரு சிலிண்டருக்குள் நான்கு வீச்சுச் சுழற்சி (கலவையை உள்ளிழுத்தல், அமுக்கல், எரித்தல், கழிவை வெளியேற்றல்) தொடர்ந்து நிகழுமா என்ற ஒரே கேள்விக்கு விடை காண எவை வேண்டுமோ அவை மட்டுமே செய்யப்பட்டன. எதைச் செய்ய வேண்டாம் என்பதை அவர் முன்பே முடிவு செய்திருந்ததால்தான், காயலான் கடைக்குப் போக வேண்டிய பொருள்கள் எஞ்சினின் உறுப்புகளாக முடிந்தன.

செய்தவரின் பின்னணி

ஃபோர்டு 1863 ஜூலை 30 அன்று டெட்ராய்டுக்கு அருகில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சிறுவயதில் சட்டைப்பைக் கடிகாரங்களைப் பழுது பார்த்தார். 1879இல் நகரத்துக்குச் சென்று எந்திரப் பட்டறையிலும் கப்பல் கட்டும் நிறுவனத்தின் எஞ்சின் பிரிவிலும் தொழில் கற்றார். பிறகு பண்ணைகளில் பயன்படும் நீராவி எஞ்சின்களை இயக்கிப் பழுது நீக்கும் வேலையில் இருந்தார். அதாவது பிஸ்டன் (சிலிண்டருக்குள் முன்னும் பின்னும் நகரும் உருளை), அதைச் சுற்றிய வளையம், வால்வு, கிராங்க் தண்டு (பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) ஆகியவை அவருக்குக் கைப்பழக்கமானவை. பழக்கமில்லாதது மின்சாரம். நீராவி எஞ்சினுக்குத் தீப்பொறி தேவையில்லை. பெட்ரோல் எஞ்சினுக்கோ அதுதான் உயிர்நாடி. 1891இல் அவர் பண்ணை வாழ்க்கையை விட்டு டெட்ராய்டின் எடிசன் இலுமினேட்டிங் கம்பெனியில் பொறியாளராகச் சேர்ந்ததற்கு, மின்சாரத்தைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. தொட்டியில் பொருத்திய எஞ்சினை இந்த வேலை மாற்றத்தோடு சேர்த்தே பார்க்க வேண்டும். இரண்டு ஆண்டுகள் மின் நிலையத்தில் வேலை செய்த பிறகே அவர் அதை ஓட்டிப் பார்த்தார்.

அக்காலத்துத் தொழிற்கூடங்களில் நிக்கொலாஸ் ஓட்டோவின் 1876ஆம் ஆண்டு வடிவமைப்பைப் பின்பற்றிய எஞ்சின்கள் பரவலாக இருந்தன. அவை பெரும்பாலும் தரையில் பதித்த, கனத்த, மெதுவாகச் சுழலும் எந்திரங்கள். எரிவாயுக் குழாயோடு கட்டுண்டவை. வண்டியில் ஏற்ற வேண்டுமானால் எரிபொருளும் கூடவே பயணிக்க வேண்டும். அதற்கு பெட்ரோல் பொருத்தமானது. மண்ணெண்ணெய் வடிக்கும்போது கிடைத்த பெட்ரோலுக்கு அன்று பெரிய சந்தை கிடையாது, ஆகவே அது மலிவாகவும் கிடைத்தது. ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் 1886இலேயே தம் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். எனவே ஃபோர்டு புதிதாக எதையும் கண்டுபிடித்துக்கொண்டிருக்கவில்லை. பிறர் செய்து காட்டிய ஒன்றைத் தம் கையால், தம் வருமானத்துக்குள் செய்ய முடியுமா என்று பார்த்தார். வீட்டில் மாதிரி எஞ்சின் செய்பவர்கள் எல்லோரும் இருக்கும் நிலை அதுதான். அதனாலேயே பெரிய கண்டுபிடிப்பாளர்களின் கதைகளைவிட இந்தச் சிறு நிகழ்வு நமக்கு அதிகம் பயன்படுகிறது.

குழாயிலிருந்து சிலிண்டர்

எரிவாயுக் குழாயை அப்படியே சிலிண்டராகப் பயன்படுத்த முடியாது. அக்காலத்துச் சிறிய இரும்புக் குழாய்கள், தகட்டுப் பட்டையைச் சுருட்டி, ஓரங்களைச் சூடாக்கிச் சேர்த்துச் செய்யப்பட்டவை; உட்புறத்தில் நீளவாட்டில் ஒரு தையல் மேடு ஓடும். குழாயின் உட்புறமும் சரியான வட்டமாக இராது. பிஸ்டன் வளையம் அந்த மேட்டைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் அழுத்தம் ஒழுகிவிடும். அழுத்தம் நில்லாத சிலிண்டரில் கலவை எரிந்தாலும் வேலை நடக்காது. ஆகவே குழாயின் உட்புறம் ரீமர் கொண்டு கடையப்பட்டது. ரீமர் என்பது நீளவாட்டில் வெட்டு முனைகள் கொண்ட உருளை வடிவக் கருவி. ஏற்கெனவே உள்ள துளையைச் சிறிதளவே அகலப்படுத்தி, வட்டமாகவும் மழமழப்பாகவும் ஆக்கித் தரும். அதற்குள் பொருந்தும்படி பிஸ்டன் கடைந்து, அதற்கு வளையங்களும் பொருத்தப்பட்டன.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எஞ்சின் ஓடியது சமையலறையில். ஆனால் இந்த வேலைகளைச் சமையலறைக் கருவிகளால் செய்ய முடியாது. லேத், ரீமர், அளவுக் கருவிகள், அவற்றைக் கையாளத் தெரிந்த விரல்கள் ஆகியவை தேவை. மின் நிலையப் பொறியாளர் ஒருவருக்கு அவை எட்டாத பொருள்கள் அல்ல. பழைய சாமானில் எஞ்சின் செய்ய முயன்று பாதியில் கைவிடுபவர்கள், சாமான் கிடைக்காமல் நின்றுவிடுவதைவிட, துல்லியமாகக் கடைய வழியில்லாமல் நின்றுவிடுவதே அதிகம். இரும்பை இனாமாகப் பெறலாம். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையில் விட வேண்டிய மயிரிழை இடைவெளியை யாரும் இனாமாகத் தர மாட்டார்கள்.

குழாய் வெடித்துவிடாதா என்ற ஐயம் இயல்பாக எழும். ஒரு எளிய கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு அங்குலக் குழாயின் உள் ஆரம் ஏறத்தாழ 13 மில்லிமீட்டர். கடைந்த பிறகு சுவரின் தடிமன் 3 மில்லிமீட்டர் என்று கொள்வோம். இத்தகைய குறைந்த அமுக்க விகிதமுள்ள எஞ்சினில் எரிதலின் உச்ச அழுத்தத்தைத் தாராளமாக 20 பார், அதாவது 2 மெகாபாஸ்கல் என்று வைத்துக்கொண்டாலும், குழாய்ச் சுவரில் எழும் இழுவிசைத் தகைவு (ஓரலகுப் பரப்பின் மேல் விழும் இழுவிசை) 9 மெகாபாஸ்கலைத் தாண்டாது. தேனிரும்பு நூற்றுக்கணக்கான மெகாபாஸ்கலைத் தாங்கக் கூடியது. தையல் எவ்வளவு மோசமாக இருந்தாலும் மிகப் பெரிய பாதுகாப்பு இடைவெளி மிஞ்சுகிறது. சிறிய விட்டம்தான் இதைச் சாத்தியமாக்குகிறது: அதே தடிமனில் விட்டம் இரட்டிப்பானால் தகைவும் இரட்டிப்பாகும். குழாய்த் துண்டைச் சிலிண்டராக்கும் யோசனை சிறிய எஞ்சினுக்கு அறிவுள்ள தேர்வு. பெரிய எஞ்சினுக்கு அதை அப்படியே கொண்டு போகக் கூடாது.

தீப்பொறி

இந்த எஞ்சினில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். இன்று நாம் ஸ்பார்க் பிளக் என்று வாங்கும் பொருளின் இடத்தில், மின்சாரம் கடத்தாத ஃபைபர் துண்டு ஒன்று இருந்தது. அதன் நடுவே ஒரு கம்பி ஊடுருவிச் சென்றது. பிஸ்டனின் முனையில் இன்னொரு கம்பி. பிஸ்டன் மேலே வரும்போது இரண்டு கம்பிகளும் தொட்டுக்கொள்ளும். விலகும்போது மின்சுற்று அறுபட்டு, அறுபடும் இடத்தில் பொறி பறக்கும். மின்சாரம் வீட்டு விளக்கின் இணைப்பிலிருந்து எடுக்கப்பட்டது.

ஏன் இப்படித் தொட்டு விலக வேண்டும்? காற்றில் இரு கம்பிகளுக்கு நடுவே இடைவெளி விட்டு, அதை மின்சாரம் தாண்ட வேண்டுமானால், இடைவெளி எவ்வளவு சிறிதாக இருந்தாலும் சுமார் 330 வோல்ட்டுக்குக் கீழே அது நடக்காது. பாஷன் விதி கூறும் கீழ் எல்லை அது. சிலிண்டருக்குள் அமுக்கப்பட்ட கலவையில் நடைமுறையில் ஆயிரக்கணக்கான வோல்ட் தேவைப்படுகிறது. விளக்குக்கு வரும் மின்சாரத்தில் அந்த அளவு மின்னழுத்தம் இல்லை. ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மின்னோட்டத்தை அறுக்கும்போது நிலைமை வேறு. இரண்டு உலோக முனைகளும் பிரியும் கடைசி நொடியில் தொடும் பரப்பு மிகச் சிறியதாகி, அந்தப் புள்ளி கொதிக்கும் அளவுக்குச் சூடாகிறது. உலோக ஆவியின் வழியே மின்னோட்டம் சிறிது தூரம் தொடர்கிறது. சுவிட்சை அணைக்கும்போது உள்ளே தெரியும் நீலப் பொறி இதுவே. உயர் மின்னழுத்தம் தரும் கம்பிச் சுருள் எதுவும் இல்லாமல் தீப்பொறி கிடைத்துவிடுகிறது. மின் நிலையத்தில் அன்றாடம் சுவிட்சுகளோடு புழங்கிய ஒருவருக்கு இந்தப் பொறி புதிதல்ல. அங்கே தொல்லையாக இருந்ததை இங்கே கருவியாக மாற்றிக்கொண்டார்.

இந்த அமைப்பில் ஒரு குறைபாடும் உண்டு. அந்தக் குறைபாடே ஒரு வசதியாகவும் அமைகிறது. பிஸ்டன் உச்சியைத் தொட்டு இறங்கத் தொடங்கும்போதுதான் கம்பிகள் விலகும் என்றால், பொறி சற்றுத் தாமதமாகவே வரும். நல்ல திறன் வேண்டுமானால் பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே பற்றவைக்க வேண்டும். ஆனால் கையால் சுழற்றி இயக்கும் எஞ்சினில் முன்கூட்டிப் பற்றினால் சக்கரம் பின்னோக்கி உதைத்து மணிக்கட்டை முறித்துவிடும். தாமதப் பொறி திறனைக் குறைக்கிறது, கையைக் காப்பாற்றுகிறது. திறன் இந்தச் சோதனையின் கேள்வியே இல்லை என்பதால், இழப்பு ஒன்றும் இல்லை.

நான்கு வீச்சுச் சுழற்சியில் பிஸ்டன் இரண்டு முறை உச்சிக்கு வருகிறது: ஒருமுறை கலவையை அமுக்கி, இன்னொருமுறை எரிந்த வாயுவை வெளியே தள்ளி. பொறி முதல் முறைக்கே தேவை. கழிவு வால்வு திறக்க வேண்டியது இரண்டாம் முறைக்கே. இதற்காகப் பல்சக்கரங்கள் கிராங்க் தண்டின் வேகத்தைப் பாதியாகக் குறைத்து ஒரு கேமை (சுழலும்போது வால்வைத் தள்ளித் திறக்கும் மேடுள்ள உறுப்பு) இயக்கின. கழிவு வால்வைத் திறப்பதும் பொறியின் நேரத்தை அமைப்பதும் அந்தத் தொகுதியின் பொறுப்பாக இருந்தன. உள்வாங்கும் வால்வுக்குக் கேம் இருந்ததாகக் குறிப்புகள் சொல்வதில்லை. பிஸ்டன் இறங்கும்போது ஏற்படும் உறிஞ்சுதலே மெல்லிய ஸ்பிரிங்கை மீறி வால்வைத் திறந்துவிடுவதுதான் அக்காலச் சிறு எஞ்சின்களின் பொதுவான வழக்கம்.

எரிபொருளும் கிளாராவின் கையும்

அந்த இரவில் வீட்டில் இருந்தவர்கள் மூவர். மகன் எட்செல் நவம்பர் 6 அன்றுதான் பிறந்திருந்தான்; ஏழு வாரக் குழந்தை, அடுத்த அறையில் உறங்கிக்கொண்டிருந்தான். ஃபோர்டின் மனைவி கிளாரா மறுநாள் கிறிஸ்துமஸ் விருந்துக்கான வேலையில் இருந்தார். அவரை அழைத்து, எஞ்சினின் உள்வாங்கும் வாயிலில் இருந்த சிறிய உலோகக் கிண்ணத்தில் பெட்ரோலைச் சொட்டுச் சொட்டாக விடும்படி ஃபோர்டு கேட்டுக்கொண்டார். ஃபோர்டு ஃபிளைவீலைச் சுழற்றினார். சிறிது சரிசெய்த பிறகு மீண்டும் சுழற்றியபோது எஞ்சின் பற்றிக்கொண்டது. சமையலறை விளக்கு மினுக்கியது, கழிவு வாயிலிருந்து தீ நாக்கு வெளிவந்தது, தொட்டி அதிர்ந்தது. இவை அத்தம்பதியர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தவற்றின் வழியே நமக்கு வந்தவை. விளக்கு மினுக்கியது என்ற சிறு தகவல், மின்சுற்று அறுந்து இணைந்த விதத்தோடு சரியாகப் பொருந்துவதால், அதை நம்ப எனக்குத் தயக்கமில்லை.

கிளாராவின் பங்கை உதவி என்று ஒரு சொல்லில் கடந்துவிடுவது நியாயமாகாது. அந்த எஞ்சினுக்கு, பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் கார்புரேட்டர் இல்லை. அந்தச் சில நிமிடங்களுக்கு அவருடைய கைதான் கார்புரேட்டர். அவர் செய்த வேலையின் நுணுக்கத்தை எண்களில் பார்க்கலாம். பெட்ரோல் முழுமையாக எரிய, எடையில் அதைப் போல் சுமார் 14.7 மடங்கு காற்று வேண்டும். 100 கன சென்டிமீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 0.12 கிராம், அதற்குத் தேவையான பெட்ரோல் 0.008 கிராம், அதாவது ஒரு கன சென்டிமீட்டரின் நூறில் ஒரு பங்கை ஒட்டிய அளவு. ஒரே ஒரு பெட்ரோல் சொட்டு அதைவிடப் பெரியது. ஒரு அங்குல விட்டமுள்ள இந்தச் சிலிண்டர் ஒரு வீச்சில் 100 கன சென்டிமீட்டர் காற்றைக்கூட உள்ளிழுக்காது. ஆகவே ஒரு சொட்டு, ஒன்றுக்கு மேற்பட்ட சுழற்சிகளுக்குப் போதும். வேகமாகச் சொட்டினால் கலவை மிகையாகி எரியாமல் போகும். தாமதித்தால் மெலிந்து எரியாமல் போகும். பெட்ரோல் ஆவி காற்றில் கன அளவில் சுமார் 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை இருந்தால் மட்டுமே தீப்பற்றும். அந்த வரம்புக்குள் கலவையைக் கையால் நிறுத்திக் காட்டியவர் அவர். ஃபோர்டு பிற்காலத்தில் அவரை, தம்மை நம்பியவர் என்ற பொருளில் குறிப்பிடுவது வழக்கம். அந்த நம்பிக்கையோடு அன்றிரவு அவர் காட்டிய கைத்திறனையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஃபிளைவீலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு சுற்றுகளுக்கு ஒருமுறை மட்டுமே உந்துதல் கிடைக்கும் எஞ்சினில், மீதி மூன்று வீச்சுகளையும் கடத்திச் செல்வது ஃபிளைவீலின் வேலை. எடை விளிம்பில் இருந்தால் அந்த வேலை நன்றாக நடக்கும். லேத்தின் கைச்சக்கரம் கனமான வார்ப்பு விளிம்பு கொண்டது, மையத்துளை சரியாகக் கடையப்பட்டது, கையால் பிடித்துச் சுழற்றவே வடிவமைக்கப்பட்டது. தனியாக வார்ப்புச் செய்திருந்தாலும் இதைவிடப் பொருத்தமாக அமைந்திருக்காது.

இன்று இதைச் செய்ய நினைப்பவருக்கு

இந்த எஞ்சினின் நகல்களை மாதிரி எஞ்சின் செய்பவர்கள் இன்றும் செய்து ஓட்டுகிறார்கள்; கற்பதற்கு இதைவிட நல்ல தொடக்கம் குறைவு. ஆனால் மூன்று விஷயங்களில் மூலத்தைப் பின்பற்றவே கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடப் பல மடங்கு கனமானது; தரையோடு பரவி, தொலைவில் எரியும் அடுப்பைத் தேடிச் சென்று பற்றிக்கொள்ளும். உறைபனிக்கும் மிகக் கீழான வெப்பநிலையிலேயே அது தீப்பற்றும் அளவுக்கு ஆவியாகிறது. எனவே திறந்த கிண்ணத்தில் சொட்டுவிடும் முறையைச் சமையலறையில் அறவே செய்யக் கூடாது. கழிவு வாயுவில் உள்ள கார்பன் மோனாக்சைடு மூடிய அறையில் மணமில்லாமல் கொல்லும். மூன்றாவதாக, வீட்டு மின்சாரம். நம் வீடுகளில் வருவது 230 வோல்ட். அதை எஞ்சினின் உலோக உடலோடு இணைப்பது, தொட்டவரைக் கொல்லக் கூடிய செயல். 6 அல்லது 12 வோல்ட் பேட்டரியோடு, இரும்புக் கருவைச் சுற்றிய ஒற்றைக் கம்பிச் சுருள் ஒன்றைத் தொடராக இணைத்தால், சுற்று அறுபடும்போது சுருளில் தேங்கிய ஆற்றல் கொழுத்த பொறியாக வெளிப்படும். தொட்டு விலகும் அமைப்பின் அழகு முழுவதும் அதில் கிடைக்கும். ஆபத்து பெருமளவு நீங்கும். வேலையைத் திறந்த வெளியில், ஒரு துணையோடு, தீயணைப்பான் பக்கத்தில் இருக்கச் செய்வதே முறை.

ஒதுக்கப்பட்டவை திரும்பி வந்த விதம்

தொட்டி எஞ்சினை ஃபோர்டு மேம்படுத்திக்கொண்டே இருக்கவில்லை. கேள்விக்கு விடை கிடைத்ததும் அதை ஒதுக்கிவைத்துவிட்டு, வண்டிக்கான இரட்டைச் சிலிண்டர் எஞ்சினுக்குச் சென்றார். சிறிய மாதிரியைப் பெரிதாக்கி வண்டியில் ஏற்றும் சலனத்துக்கு அவர் இடங்கொடுக்காததை நான் மிகவும் மதிக்கிறேன். மாதிரி செய்பவர்கள் பலர் அந்த இடத்தில்தான் ஆண்டுகளைத் தொலைக்கிறார்கள். புதிய எஞ்சினிலும் பழைய பழக்கம் தொடர்ந்தது: சிலிண்டர்கள் ஒரு நீராவி எஞ்சினின் கழிவுக் குழாயிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டன. விட்டம் இரண்டரை அங்குலம், வீச்சு ஆறு அங்குலம். நான்கு குதிரைத்திறன் தரும் என்று அவர் தம் தன்வரலாற்றில் எழுதினார். 1896 ஜூன் 4 அதிகாலையில் அதே பேக்லி அவென்யூ வீட்டின் பின்புறக் கொட்டகையிலிருந்து, குவாட்ரிசைக்கிள் என்ற அவருடைய நான்கு சக்கர மோட்டார் வண்டி வெளியே வந்தது; வாசல் அகலம் போதாததால் செங்கல் சுவரை இடித்துத்தான் வண்டியை வெளியே எடுக்க முடிந்தது.

சமையலறையில் இரவல் வாங்கியவை ஒவ்வொன்றும் இப்போது கணக்குத் தீர்க்கச் சொல்லி வரிசையாக வந்து நின்றன. தொட்டியின் இடத்தில் வண்டிக்கென ஒரு சட்டகம் வேண்டியிருந்தது. சொட்டுவிட்ட கைக்கு மாற்றாக எரிபொருள் தொட்டியும் கலவைக் கருவியும் வேண்டியிருந்தன. வீட்டு இணைப்பு இல்லாத தெருவில் மின்சாரத்தையும் கூடவே கொண்டு செல்ல வேண்டியிருந்தது. கடைசியாக வந்தது வெப்பம். சில நிமிடம் ஓடும் எஞ்சினுக்குக் குளிர்ச்சி தேவைப்படாது. இரும்பே அந்த வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். வண்டியின் எஞ்சினுக்கும் தொடக்கத்தில் அவர் குளிரூட்ட எதுவும் செய்யவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டியபோது எஞ்சின் சூடேறியது. அதன் பிறகே சிலிண்டர்களைச் சுற்றி நீர் உறை அமைத்து, வண்டியின் பின்புறத்தில் வைத்த தொட்டியோடு அதைக் குழாயால் இணைத்தார்.